நாற்பத்தொன்றுக்குப் பிறகு

ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

கடுகு எழுதுவது. நான் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க இந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை, அதனால் நான் கேட்கிறேன். உடம்பு நன்றாக இருக்கிறதா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

உங்கள் விலாசம் அரிசி டப்பாவுக்கு அடியில் கிடைத்தது. நீங்கள் அனுப்பிய மூன்று கவர்களும் அங்கேதான் இருக்கின்றன. அம்மா ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை, கிழித்தும் போடவில்லை. விலாசத்தை மட்டும் எழுதிக்கொண்டு அப்படியே வைத்துவிட்டேன்.

இப்போது ராத்திரி. குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கதவு இது ஒன்றுதான். அம்மா தட்டி, வயிறு சரியில்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். காலையில் கசப்பு மருந்து நிச்சயம். உங்களுக்காகக் குடிப்பேன்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. நெட்டை அண்ணன் இப்போது ஆலை வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார். அவர் மனைவி கொடியில் துணி காயப்போடும்போது அம்மா வெளியே வரமாட்டாள். ஆலையில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: கரண்டியைக் காயவைக்காமல் பானைக்குள் விட்டது நீங்கள், கரண்டியில் ஈரம் இருந்தது, ஆயிரம் டிகிரி உப்பு வெடித்துத் தெறித்து அவர் கண்ணில் விழுந்தது. அப்பாவும் அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பள்ளியில் டீச்சர் ஒவ்வொருவரிடமும் அப்பாவின் வேலை என்ன என்று கேட்டார். உப்பை உருக்கி, அதில் பொடியைத் தூவி, மின்சாரம் விட்டுப் பொடியிலிருந்து உலோகத்தைப் பிரிக்கிறார், காந்தம் செய்ய அது போகிறது என்றேன். சமையல் உப்பா என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனி எழுதப்போவதற்காகத்தான் உட்கார்ந்தேன். இரவு ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்கும்போது அப்பா எண்ணுகிறார். ஒண்ணு, ரெண்டு என்று மெதுவாக. நாப்பத்தொண்ணு வந்ததும் நின்றுவிடுகிறது. உடனே எழுந்து உட்கார்ந்துவிடுவார், கழுத்தெல்லாம் வியர்த்திருக்கும். பதினொரு தடவை கேட்டுவிட்டேன். ஒரு தடவைகூட நாற்பத்திரண்டு வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மாமா. அவர் இன்னும் அதே பானையில்தான் கரண்டி பிடிக்கிறார்.

நிஜமாகவே நீங்கள்தானா?

பதிலை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பள்ளி எதிரில் உள்ள ஜெராக்ஸ் கடை அக்காவின் விலாசம் கவரின் பின்னால் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்,
கடுகு


ஜூன் 24

அன்புள்ள கடுகுக்கு,

நீயும் அக்காவும் மச்சானும் சுகமாக இருக்கவேண்டும். உன் கடிதம் வந்ததும் காய்ச்சல் விட்டதுபோல இருந்தது. காய்ச்சல் எதுவும் இல்லை, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். கல்லைத் தின்றாலும் செரிக்கும் உடம்பு, உனக்குத் தெரியாதா?

எனக்கு இங்கே ஒரு பெயிண்ட் கிடங்கில் வேலை. இறக்கு, ஏற்று, அடுக்கு. என்னோடு அறையில் இருப்பவர் பொடி எடை போடுகிறவர், எடைக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். அவர் குறட்டையில் சுவரில் மாட்டிய சட்டை ஆடும். அவருடைய மூக்குக்கண்ணாடி பால் ஊற்றியதுபோல மங்கிக் கிடக்கிறது. துடைக்கச் சொன்னால், உலகத்தில் தெளிவாகப் பார்க்க என்ன இருக்கிறது என்கிறார்.

போன் வைத்துக்கொள்ள முதலாளி விடமாட்டார். வம்பு பேசுவோமாம். கடிதம்தான் நமக்கு.

நீ கேட்டதற்குப் பதில். உன் அப்பா எழுதியது எழுதியதுதான். கரண்டியில் ஈரம், கை என்னுடையது. அதைக் கிளறாதே. கணக்குப் பாடம் எப்படிப் போகிறது? போன வருடம் போல முட்டை வாங்கினால் நானே வந்து காதைத் திருகுவேன்.

அக்கா மருந்து கொடுத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடி.

என்றும் உன் நலம் நினைக்கும்,
மாமா


ஜூன் 29

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் சுகம். மருந்து குடித்தேன். கணக்கில் எழுபத்தெட்டு. காது பிழைத்தது.

நாப்பத்தொண்ணைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. மறந்துவிட்டீர்கள் என்று நினைக்க முயன்றேன், முடியவில்லை.

ஆலையில் உங்களுக்குப் பட்டப்பெயர் என்ன? நூறு. கரண்டி யார் கையில் இருந்தாலும், அதைப் பானையின் வாய்மேல் அனலில் பிடித்துக் காயவைக்கும்போது நீங்கள்தான் உரக்க எண்ணுவீர்கள். நூறு என்று சொன்ன பிறகுதான் கரண்டி உள்ளே போகவேண்டும். ஒருநாள் மேற்பார்வையாளர், "இவன் என்ன பள்ளிக்கூடமா நடத்துறான், சீக்கிரம் விடுங்கடா" என்று கத்த, நீங்கள் தொண்ணூற்றொன்பதை இன்னும் இழுத்துச் சொன்னீர்களாம். அப்பாதான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இப்போது அந்தக் கதையைச் சொல்வதில்லை.

நூறு என்று பெயர் வாங்கியவர் எண்ணாமல் கரண்டியை விடுவாரா? அப்பா தூக்கத்தில் எண்ணுவதுகூட உங்கள் ராகத்தில்தான் இருக்கிறது, அந்த இழுப்போடு.

உங்கள் கடிதத்தின் மடிப்பில் கொஞ்சம் பொடி இருந்தது. இந்த டியூப்லைட்டில் வெளிர்நீலமாகத் தெரிகிறது. பெயிண்டுக்குப் போடுவது போலிருக்கிறது. அழகாக இருந்ததால் ஊதிவிடாமல் அப்படியே மடித்து வைத்திருக்கிறேன்.

யாரோ நடக்கும் சத்தம். விளக்கை அணைக்கிறேன். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடுகு


ஆகஸ்ட் 1

அன்புள்ள கடுகுக்கு,

சுகம்தானே? நானும் சுகம். பதில் தாமதம். கொஞ்சம் இருமல், படுத்தால் அதிகமாகிறது, உட்கார்ந்தால் பரவாயில்லை.

அந்தப் பொடியைத் தட்டிவிடு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. பெயிண்டுப் பொடிதான், ஆனாலும் கழுவு.

அப்பாவின் தூக்கத்தைப் பற்றி இனி எழுதாதே. காகிதம் யார் கைக்கும் போகும். மனிதன் தூக்கத்தில் ஆயிரம் உளறுவான்.

படிப்பைக் கவனி.

மாமா


ஆகஸ்ட் 5

அன்புள்ள மாமாவுக்கு,

இருமல் குறைந்ததா? வெந்நீர் குடிக்கிறீர்களா?

பொடியைத் தட்டவில்லை. உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கு எடுத்துப்போய் இடைவேளையில் மைதானத்து வெயிலில் பிரித்தேன். ராத்திரி நீலமாக இருந்தது வெயிலில் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. உள்ளே வந்து வகுப்பு டியூப்லைட்டில் பார்த்தேன், நீலம். மறுபடி வெளியே போனேன், கத்தரிப்பூ. நாலு தடவை போய்வந்ததைப் பார்த்து ஒருத்தி, வெயிலில் மூளை காயப்போடுகிறாயா என்றாள்.

எந்த வீட்டுப் பெண்ணையும் ஏமாற்றலாம், இந்த வீட்டுப் பெண்ணை முடியாது மாமா. அம்மா அப்பாவின் சட்டையைத் துவைக்கும்போது என்ன சொல்வாள்? "பகல்ல கத்தரிப்பூ, ராத்திரி நீலம். பச்சோந்தியக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன்." அப்படி நிறம் மாறும் பொடி எங்கள் வீட்டுக் கொடியில் தவிர நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நீங்கள் பெயிண்ட் கிடங்கில் இல்லை. பானைக்கு முன்னால் நிற்கிறீர்கள். எடைக்காரரின் கண்ணாடி ஏன் மங்கியது என்றும் தெரியும். பானையிலிருந்து வரும் புகை கண்ணாடியை அரிக்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஆலையில் புகையை இழுக்கப் பெரிய விசிறி உண்டு, அதனால் அப்பாவின் கைக்கடிகாரம் ஐந்து வருடமாகத் தெளிவாக இருக்கிறது. அங்கே விசிறி இல்லையா? கண்ணாடிக்கே அப்படி என்றால் உங்கள் நெஞ்சு?

இங்கே மழை தொடங்கிவிட்டது. பொய் எழுதாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கடுகு


ஆகஸ்ட் 22

அன்புள்ள கடுகுக்கு,

உன்னைக் கடுகு என்று கூப்பிட்டது என் தப்பு. மிளகாய் என்று வைத்திருக்கவேண்டும்.

சரி. கூரை ஓடு செய்யும் தொழிற்சாலை ஒன்றின் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ஆறு பானை. விசிறி இருக்கிறது, ஓடாது. ஜன்னல் கண்ணாடி வந்த மாதமே வெளுத்துவிட்டது. இப்போது வெளியே மழையா வெயிலா என்று சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். ஷிப்ட் முடியும்வரை கதவு வெளியே பூட்டியிருக்கும். எங்கள் அடையாள அட்டைகள் முதலாளியின் மேசைக்குள் இருக்கின்றன.

நல்ல ஆலைகளில் கேட்டுப் பார்த்தேன். பெயரைச் சொன்னதும் மச்சான் எழுதிய காகிதத்தின் நகலை எடுக்கிறார்கள். கரண்டியைக் காயவைக்காதவனுக்குப் பானை கொடுக்க யாருக்குத் துணிவு வரும்? அவர்கள்மேல் தப்பில்லை.

கூரை ஒழுகுகிறது. பானைகளுக்கு மேலே தகரத்துண்டுகளைக் கட்டியிருக்கிறோம். பயப்படாதே. இங்கே நூறு போதாது என்று இருநூறு எண்ணுகிறேன். எடைக்காரர் என்னை இப்போதே ‘இருநூறு’ என்கிறார். பதவி உயர்வு.

அக்காவிடம் சொல்லாதே. முக்கியமாக மச்சானிடம் சொல்லாதே. இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடு.

உன் சுகத்தையே வேண்டும்,
மாமா


ஆகஸ்ட் 26

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம் என்று எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கடைசியில் ஏதோ எழுதிப் பேனாவால் அடித்திருந்தீர்கள். அதை டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் படித்துவிட்டேன். ‘அவருக்கு வீடு, மனைவி, நீ. எனக்கு ஒரு தகரப்பெட்டி. யார் போவது என்று முடிவு செய்ய நாற்பத்தொன்றுவரைகூட எண்ணவேண்டியிருக்கவில்லை.’

நேற்றுச் சாப்பிடும்போது அம்மா கணக்கு நோட்டைப் பார்த்து, விடை என்ன வந்தது என்று கேட்டாள். முப்பத்தாறு வந்திருந்தது. நான் "நாப்பத்தொண்ணு" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். அப்பாவின் கையிலிருந்த டம்ளர் தட்டில் விழுந்து தண்ணீர் ஓடியது. அம்மா, "என்னாச்சு, ராத்திரி வேலை ஒத்துக்கலையா?" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் சாதத்தைப் பார்த்தேன்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும். வருகிறது. ஆனால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பும்போது, திரும்பி வரவேண்டுமே என்றுதான் முதலில் தோன்றுகிறது. உங்களை நினைத்தாலும் அதேதான். இரண்டு பானைக்கும் சேர்த்து ஒருத்தி எப்படிப் பயப்படுவது?

அட்டை போனால் போகட்டும், வந்துவிடுங்கள். உடனே பதில் எழுதுங்கள்.

கடுகு


செப்டம்பர் 18

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமா? சுகமா? சுகமா?

மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஜெராக்ஸ் கடை அக்கா என்னைத் தூரத்தில் பார்த்தாலே தலையை ஆட்டிவிடுகிறார், நான் சாலையைக் கடக்க வேண்டாம் என்று. இன்றும் ஆட்டினார். ஆனாலும் கடந்துபோய்க் கேட்டேன். "இருந்தா தரமாட்டேனாடி, வெச்சு ஊறுகாயா போடப்போறேன்?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

இங்கே ஐந்து நாளாக மழை விடவில்லை. மாடியிலிருந்து குளியலறைச் சுவரில் நீர் இறங்குகிறது. ஒவ்வொரு சொட்டும் உங்கள் கூரையில் விழுவதுபோல இருக்கிறது. நான் உங்களை வெயிலில் வைத்துக் கண்டுபிடித்திருக்கக் கூடாது. தெரியாமலே இருந்திருந்தால் பெயிண்ட் கிடங்கில் இருக்கிறீர்கள் என்று தூங்கியிருப்பேன்.

ஒரு வரி போதும். என்னைத் திட்டிக்கூட எழுதலாம்.

கடுகு


அக்டோபர் 1

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் மாமா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நான் எடைக்காரன். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

மாமா சொல்வது: கடுகு, நான் சுகம். வலது கையில் சின்னக் காயம், கட்டுப் போட்டிருக்கிறது, அதனால்தான் எழுத முடியவில்லை. உன் இரண்டு கடிதமும் வந்தன. கவலைப்படாதே. பரீட்சைக்குப் படி. அக்காவையும் மச்சானையும் பார்த்துக்கொள்.

மாமா சொன்னது இத்துடன் முடிந்தது. அவர் இப்போது அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். இனி நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

பாப்பா, காயம் சின்னது இல்லை. போன மாதம் பத்தாம் தேதி கூரையிலிருந்த தகரம் நழுவித் தண்ணீர் பானையில் விழுந்தது. உன் மாமா என்னைத் தள்ளிவிட்டார். என் கண் இரண்டும் இருக்கின்றன. அவர் கை மணிக்கட்டுவரை வெந்துவிட்டது. பெரிய டாக்டரிடம் காட்டவில்லை, கொட்டகைக்கே ஒருவர் வந்து மருந்து தடவுகிறார். காயத்தைப் பார்த்து எனக்குப் பயமாக இருக்கிறது, நிறம் சரியில்லை. முதலாளி, இடது கை இருக்கிறதே, அடுத்த வாரம் கரண்டி பிடி என்கிறார். இப்போதும் தினம் பானை ஓரம் உட்காரவைத்து எண்ணச் சொல்கிறோம், அவர் எண்ணினால்தான் எங்களுக்கு தைரியம்.

உங்கள் வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் அனுப்பு.

இப்படிக்கு,
எடைக்காரன்


அக்டோபர் 7

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கை தேறவேண்டும். இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே அப்பா வந்து சேர்ந்திருப்பார். சத்தியத்தை மீறிவிட்டேன். நீங்கள் சத்தியம் வாங்கவில்லை, சொல்லாதே என்று மட்டும்தான் எழுதினீர்கள், இருந்தாலும் மீறிவிட்டேன்.

அப்பா மாலை ஷிப்ட் முடிந்து பதினொரு மணிக்கு வந்தார். அம்மா படுத்திருந்தாள். நான் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, உங்கள் கடித மடிப்புகளில் இருந்த பொடியை எல்லாம் அதன்மேல் உதறி, உங்கள் கையெழுத்துள்ள கவரோடு அவர் முன்னால் நகர்த்தினேன்.

அவர் விரலால் தொட்டார். நிமிர்ந்து டியூப்லைட்டைப் பார்த்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குப் போனார். அங்கே பழைய மஞ்சள் குண்டு பல்பு இருக்கிறதல்லவா, அதில் பார்த்தார். கத்தரிப்பூ. திரும்பி வந்து, பொடி சிந்தாமல் தட்டை வைத்தார்.

"எத்தன பானை?"

"ஆறு."

"விசிறி ஓடுதா?"

"இல்லப்பா."

"மழை உள்ள வருதா?"

எடைக்காரரின் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். படித்து முடித்தும் காகிதத்தைக் கீழே வைக்கவில்லை. கடைசியில் தட்டைப் பார்த்துச் சொன்னார், "நாப்பத்தொண்ணுல நான் விட்டுட்டேன்."

"எத?" என்றாள் அம்மா. எப்போது எழுந்து வந்தாளோ, சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"கரண்டிய."

அன்று ஷிப்ட் முடிய இன்னும் இரண்டு பானை பாக்கி இருந்ததாம். மேற்பார்வையாளர் கத்திக்கொண்டிருந்தாராம். நீங்கள் நாற்பத்தொன்று என்றபோது, இன்று ஒருநாள்தானே என்று அப்பா கையை இறக்கிவிட்டார். ஒரு வருடமாகத் தொண்டைக்குள் இருந்தது அரை நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது.

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் அரிசி டப்பாவை நகர்த்தி மூன்று கவர்களையும் எடுத்து அப்பா முன்னால் போட்டாள். "படிங்க. எனக்குக் கேக்குற மாதிரி படிங்க." அப்பா படித்தார். முதல் கடிதத்தில் இரண்டே வரிகள் இருந்தன: ‘அக்கா, நான் வந்து சேர்ந்துவிட்டேன். மச்சானைத் தூங்கச் சொல்.’ அப்பா மிச்சத்தை என் பக்கம் தள்ளினார். மற்ற இரண்டையும் நான் படித்தேன்.

காலையில் அப்பா நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆலைக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். அலுவலகத்துக்குள் போகவில்லை, வாசலில் நெட்டை அண்ணனிடம்தான் முதலில் நீட்டினார். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணுக்கு அருகில் காகிதத்தைப் பிடித்து மெதுவாகப் படித்தார். நான் என்னையறியாமல் எண்ண ஆரம்பித்திருந்தேன். அறுபத்து மூன்றில் அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "ஆபீஸ் ஒம்பதுக்குத்தான் தெறக்கும்" என்றார். அப்பாவுக்கு உட்கார அவருடைய நாற்காலியைக் காட்டினார். அப்பா உட்காரவில்லை. நான் பள்ளிக்குப் போன பிறகும் இரண்டு பேரும் ஒன்பது மணிவரை நின்றுகொண்டே இருந்தார்களாம். காகிதத்தைக் கொடுத்துவிட்டு வந்ததும் அப்பா உங்களிடம் கிளம்பிவிட்டார்.

இந்த வீடு ஆலையுடையது. என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. யாரும் சொல்லாமலே அம்மா பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். உங்கள் தட்டையும் தேடி எடுத்து அவற்றோடு வைத்தாள். எனக்கு இன்னும் பயம்தான். இன்றைக்குக் குளியலறையில் இல்லை, கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள். எடைக்காரருக்கு நன்றி எழுதச் சொல்கிறாள்.

வந்துவிடுங்கள்.

கடுகு


அக்டோபர் 12

அன்புள்ள மகளுக்கு,

நான் சுகம். உன் மாமா ஆஸ்பத்திரிக் கட்டிலில், என் பக்கத்தில் தூங்குகிறான். காய்ச்சல் குறைந்திருக்கிறது. இரண்டு விரல் போகலாம், கை பிழைக்கும் என்கிறார் டாக்டர். அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். உனக்கு எழுதித்தான் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

ஆலையிலிருந்து இன்னும் பதில் இல்லை. வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கலாம், தயாராக இரு. எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கொட்டகையைப் பற்றியும் இங்கே தொழிலாளர் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். எடைக்காரர் சாட்சி. மங்கிய கண்ணாடியைக் கழற்றி அதிகாரியின் மேசைமேல் வைத்தார், இதற்குமேல் என்ன சாட்சி என்று.

நான் போய்ச் சேர்ந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. கதவு வெளியே பூட்டியிருந்தது, சாவிக்காரன் அருகில்தான் இருந்தான். திறக்கச் சொல்லிக் கதவைத் தட்டக் கையை ஓங்கினேன். அப்போது தகரத்துக்கு உள்ளேயிருந்து உன் மாமாவின் குரல் கேட்டது. குரல் கம்மியிருந்தது, இருமல் நடுவில் வந்தது, ஆனால் அதே இழுப்பு. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று வந்துகொண்டிருந்தது. உள்ளே யாரோ கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று புரிந்தது. இப்போது கதவைத் தட்டினால் அந்தக் கை பதறும்.

ஓங்கிய கையை இறக்கினேன். நாற்பத்தொன்று என்றான். சுவரைப் பிடித்துக்கொண்டேன். நாற்பத்திரண்டு என்றான்.

மழையில் நின்று கேட்டேன், மகளே. அவன் நூறு சொன்னான், அதையும் தாண்டினான். இருநூறு சொல்லி முடித்த பிறகுதான் கதவைத் தட்டினேன்.

உன் நலமும் அம்மாவின் நலமும் நாடும்,
அப்பா